சோதனை வரும்போது விசுவாசம் என்ன செய்யும்? திருகோணமலையிலிருந்து ஒரு கேள்வி

நிலாவெளி_வீதி
செவ்வாய், இரவு 11.40

இதை எங்கே எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்தேன். சபையில் கேட்க முடியாது, எல்லோருக்கும் என் அப்பாவைத் தெரியும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வயது 31. மனைவி, ஒரு மகள். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் சமையலறைக்குச் சாமான் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. மீன், இறால், கணவாய், மரக்கறி எல்லாம் என் கையெழுத்தில்தான் உள்ளே வரும். நாலு மாதத்துக்கு முன் மீன் கொண்டுவருகிறவர் ஒரு வழி சொன்னார். தராசில் 36 கிலோ அறக்குளா, பில்லில் 40 கிலோ. நான் 40 என்று ஒப்பமிட்டால் கூடுதல் 4 கிலோவின் காசில் பாதி எனக்கு. முதல் தடவை சிரித்துவிட்டு அனுப்பினேன். இரண்டாம் தடவை பேசாமல் இருந்தேன். மூன்றாம் தடவை வாங்கினேன். இதுவரை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 4,800 ரூபா, மொத்தம் 14,400.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் இரண்டு நாள் டயலிசிஸ். சிகிச்சை இலவசம்தான், ஆனால் போக்குவரத்து, வெளியே வாங்கும் மருந்து, அவருக்கென்று தனிச் சாப்பாடு என்று சம்பளம் 20ஆம் திகதிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. காசை வாங்கும்போது அப்பாவின் முகம்தான் கண்ணில் நின்றது. களவு எடுப்பதாகவே தோன்றவில்லை.

நான் மெதடிஸ்ட் சபையில் வளர்ந்தவன். ஞாயிறு பாடசாலையில் மனன வசனத்துக்குப் பரிசு வாங்கியவன். இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் சுவரோடு கதைப்பது போல இருக்கிறது. அப்பாவுக்காக ஒன்றரை வருடமாக ஜெபித்தேன், ஒன்றும் மாறவில்லை. கேட்பதற்கு யாரும் இல்லையென்றால் 4 கிலோ மீனில் என்ன இருக்கிறது என்று மனம் கேட்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிட்டன.

புதன், சனிக்கிழமைகளில் காலை 6 மணிக்கு மீன் வாகனம் வாசலில் ஹோர்ன் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே வயிறு இறுகுகிறது. விசுவாசம், விசுவாசம் என்கிறோமே, அந்த 6 மணிக்கு அது உண்மையில் என்ன செய்யும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஜெய_கொடி
செவ்வாய், இரவு 11.58

சகோதரரே, உங்கள் பிரச்சினைக்கு வேர் சந்தேகம். சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான் என்று யாக்கோபு 1:6 சொல்கிறது. மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபியுங்கள். முழு விசுவாசத்தோடு கேட்டிருந்தால் அப்பா இன்றைக்கு எழும்பி நடந்திருப்பார்.

---

கொட்பே_வள்ளம்
புதன், அதிகாலை 3.15

தம்பி ஜெய_கொடி, கடைசி வரியை எடுத்துவிடும். தகப்பன் படுக்கையில் இருக்கும் ஒரு பிள்ளைக்குச் சொல்லும் சொல் அது இல்லை.

நிலாவெளித் தம்பிக்கு நான் ஆறுதலாக எழுதுகிறேன். இப்போது கடலுக்குப் போகிறேன்.

---

ஓய்வுபெற்ற_ரீச்சர்
புதன், காலை 9.20

மகன், நான் முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தவள், அதனால் சொல்லிலிருந்துதான் தொடங்குவேன். நம்முடைய ஊரில் பரீட்சைக்கும் சோதனை என்றுதான் சொல்கிறோம். "பிள்ளைக்குச் சோதனை நெருங்குது" என்போம். யுத்த காலத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிப் பையைத் திறந்து காட்டச் சொன்ன இடத்துக்கும் சோதனைச் சாவடி என்றுதான் பெயர். வேதாகமத்தில் இச்சையால் வருவதும் சோதனை, கஷ்டத்தால் வருவதும் சோதனை. மூலமொழியான கிரேக்கத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். உனக்கு இரண்டும் சேர்ந்தே வந்திருக்கிறது. அப்பாவின் வருத்தம் ஒரு சோதனை, மீன் பில் இன்னொன்று. இரண்டும் பின்னிக்கொண்டன என்று நீயே சரியாகச் சொல்லிவிட்டாய்.

இயேசுவுக்கு வனாந்தரத்தில் வந்த முதல் சோதனை என்ன? அப்பம். நாற்பது நாள் பட்டினி கிடந்தவரிடம் போய், பெரிய பாவம் எதையும் செய்யச் சொல்லவில்லை. கல்லை அப்பமாக்கு, அவ்வளவுதான். பசித்தவன் சாப்பிடுவதில் என்ன பிழை? சோதனை வருவது அப்படித்தான். நியாயமான ஒரு தேவையின் கையைப் பிடித்துக்கொண்டு வரும். உனக்கு அப்பாவின் மருந்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. அதனால்தான் களவாகத் தோன்றவில்லை.

அவர் என்ன பதில் சொன்னார் என்று பார். மூன்று தடவையும் உபாகமத்திலிருந்து, 6ஆம் 8ஆம் அதிகாரங்களிலிருந்து. புதிதாக ஒன்றும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. யூதப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த வசனங்கள் அவை. உன்னுடைய மனன வசனப் பரிசைப் பழங்கதை போலச் சொல்கிறாய். அது பழங்கதை இல்லை. 6 மணிக்கு ஹோர்ன் அடிக்கும்போது உட்கார்ந்து வேத ஆராய்ச்சி செய்ய நேரம் இருக்காது, உள்ளே ஏற்கெனவே இருப்பதுதான் வாயில் வரும். ஒரு வசனத்தை எடுத்து வைத்துக்கொள். ஒன்றே போதும்.

இன்னொன்று. லூக்கா 4:13ஐ எடுத்துப் பார். பிசாசு "சிலகாலம்" அவரை விட்டு விலகிப்போனான் என்று இருக்கிறது. சிலகாலம்தான். ஆகவே ஒருநாள் வென்றுவிட்டு, அடுத்த சனிக்கிழமை மறுபடி ஆசை வந்தால் விசுவாசம் போய்விட்டது என்று நினைக்காதே.

---

திருமலை_மைந்தன்
புதன், காலை 10.05

ரீச்சர், ஒரு சின்னச் சேர்க்கை. கத்தோலிக்கர் நாங்கள் கர்த்தர் கற்பித்த செபத்தில் "எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்" என்று சொல்கிறோம். உங்கள் பக்கம் "சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று சொல்வீர்கள். இத்தாலியில் 2020இல் புதிய திருப்பலிப் புத்தகம் வந்தபோது இந்த வரியை மாற்றினார்கள், கடவுளே சோதனைக்குள் கொண்டுபோகிறார் என்ற மயக்கம் வரக்கூடாது என்று. நம்முடைய அம்மம்மாமார் தமிழில் எப்போதிருந்தோ சொல்லிவந்ததும் அதே கருத்துத்தான். விழப்போகிற பிள்ளை தகப்பனின் கையைப் பிடிப்பது போன்ற சொல் அது. நிலாவெளி அண்ணா, அந்த ஒரு வரியே செபத்துக்குக் காணும்.

---

கொட்பே_வள்ளம்
புதன், மாலை 5.30

தம்பி, நான் படித்தவன் இல்லை. எனக்கு நடந்ததைத்தான் எழுத முடியும்.

பதினொரு வருடம் குடித்தேன். கரைக்கு வந்து மீனை ஏலத்தில் கொடுத்துக் காசு கைக்கு வந்ததும் கால் தானாகத் தவறணைக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அழுவேன், திங்கட்கிழமை குடிப்பேன். ஆண்டவரே எனக்குப் பலம் தாரும் என்று எத்தனை வருடம் கேட்டேன் தெரியுமா? அந்தப் பலம் வரவேயில்லை. இன்றைக்கும் வரவில்லை. தவறணை வாசலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினால் இன்றைக்கும் உள்ளே போய்விடுவேன் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் எங்கள் பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டு 1 கொரிந்தியர் 10:13ஐ வாசிக்கச் சொன்னார். சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார் என்று உங்கள் பைபிளில் இருக்கிறதே, அந்த வசனம். "நீ பலத்தைக் கேட்கிறாய், அவர் தருவதாகச் சொன்னது பாதையை" என்றார் சுவாமி. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. எனக்குப் பாதை என்றால் உண்மையான பாதைதான். கரையிலிருந்து வீட்டுக்குத் தவறணையைக் கடக்காமல் போக ஓர் ஒழுங்கை இருக்கிறது. பத்து நிமிடம் கூடுதல். மச்சானிடம் சொல்லி, காசு என் கைக்கு வராமல் நேரே மனைவியின் கைக்குப் போகச் செய்தேன். ஆறு வருடமாகிறது. தினமும் அந்த ஒழுங்கையால்தான் போகிறேன். போத்திபாரின் மனைவி பாவத்துக்கு இழுத்தபோது யோசேப்பு நின்று வாதாடவில்லை, உடுப்பை விட்டுவிட்டு ஓடினான்.

உனக்கு நான் சொல்வது இது. மீன் நிறுக்கும் தராசு இப்போது எங்கே இருக்கிறது? பின்வாசலில், ஒருவரும் இல்லாத இடத்தில் என்று நினைக்கிறேன். மீன் வியாபாரம் எனக்குத் தெரியும், அந்த விளையாட்டுக்குத் தனி இடம் வேண்டும். தராசைத் தூக்கிச் சமையலறை வாசலில் வை. குசினிக்காரர் நாலு பேர் பார்க்க நிறு. நிறையைச் சத்தமாகச் சொல்லி எழுது. அதற்குப் பிறகு அந்த மனுசன் உன்னிடம் கண்ணைக்கூடக் காட்ட முடியாது. ஜெபித்துவிட்டுச் செய். ஆனால் செய்.

---

டச்பே_அக்கா
புதன், இரவு 8.45

தம்பி, சோதனையைப் பற்றி அண்ணா எழுதிவிட்டார். நான் சந்தேகத்தைப் பற்றி எழுதுகிறேன்.

2004 மார்கழி 26 ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் நத்தார். வீட்டில் பாலன் குடில் இன்னும் கலைக்கவில்லை. அன்று காலை கடல் வந்து என் தங்கையைக் கொண்டுபோனது. மூன்றாம் நாள்தான் எடுத்தோம். அவளைவிட நல்ல பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. பாடற்குழுவில் பாடுகிறவள்.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் எனக்குச் செபம் வரவில்லை. வாய் திறந்தால் கோபம்தான் வரும். கோவிலுக்குப் போவதை மட்டும் விடவில்லை, அம்மாவைக் கூட்டிப்போக வேறு ஆள் இல்லாததால். பின்வாங்கிலில் உட்கார்ந்திருப்பேன். சுற்றிவர எல்லோரும் செபமாலை சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன். பாலையூற்று லூர்து மாதா கோவிலில் ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒன்றை உணர்ந்தேன். நான் சொல்லாத செபத்தை இவர்கள் எனக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். என் விசுவாசத்தை அந்த ஒரு வருடம் சுமந்தது நான் இல்லை. அவர்கள்தான்.

பிறகு ஒரு ஃபாதரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் இயேசு சபைக்காரர். நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்து திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பாடசாலைகளில் உழைத்த குருமாரிடம் படித்தவர். அந்தச் சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலில் எழுதிவைத்த இரண்டு விதிகளைச் சொன்னார். மனம் இருண்டிருக்கும் காலத்தில், முன்பு வெளிச்சத்தில் எடுத்த முடிவு எதையும் மாற்றாதே என்பது ஒன்று. மற்றது, தீயவன் களவாகக் காதலிக்கும் ஆண்பிள்ளையைப் போன்றவன், தன் பேச்சு தகப்பனுக்கோ புருஷனுக்கோ தெரியவேண்டாம் என்பான், தெரிந்த அன்றைக்கே அவன் வேலை கெட்டுப்போகும் என்பது.

நீ இருட்டில் நின்றுகொண்டு "கேட்பதற்கு யாரும் இல்லை" என்று முடிவெடுக்கப் பார்க்கிறாய், தம்பி. இப்போது வேண்டாம். அந்தக் கேள்வியை வைத்திரு, நானும் வைத்திருந்தேன், இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. 88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பார். மற்றச் சங்கீதங்களைப் போலக் கடைசியில் ஸ்தோத்திரம் வராது. எபிரேயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள்தான். அப்படியும் அது வேதத்தில் இருக்கிறது. அந்த மனிதன் இருளை யாரிடம் சொன்னான்? ஆண்டவரிடமே சொன்னான்.

மனைவிக்கு இது தெரியுமா?

---

நிலாவெளி_வீதி
வியாழன், இரவு 12.10

எல்லோருக்கும் நன்றி. அக்கா, உங்கள் தங்கையைப் பற்றி வாசித்துவிட்டு நீண்ட நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

மனைவிக்குத் தெரியாது. அந்த 14,400இல் மகளுக்கு ஒரு சோடிச் சப்பாத்தும் வாங்கினேன். ஓவர்டைம் காசு என்று சொன்னேன். அவள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றாள். அந்தச் சொல் இன்றுவரை நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

நேற்று புதன், மீன் வாகனம் வந்தது. நான் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டுவிட்டேன். அதுவும் பொய்தான். ஆனால் சனிக்கிழமைக்கும் காய்ச்சல் வராது.

அண்ணா, தராசு பின்வாசலில்தான் இருக்கிறது. எப்படிச் சரியாகச் சொன்னீர்கள்?

---

கோணமலை_அடிவாரம்
வியாழன், காலை 7.30

நான் சைவன், இந்த இழையில் எழுதலாமா என்று தெரியவில்லை. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது. கடலோரப் பாறையில் இருந்த கோணேசர் கோவிலைப் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், இடித்தது 1620களில். அதற்குப் பிறகு முந்நூறு வருடத்துக்கு மேல் அங்கே பழையபடி ஒரு கோவில் எழவில்லை. ஆனாலும் எங்கள் ஆட்கள் அந்தப் பாறைக்குப் போய், கடலுக்கு மேலே நின்று பூவும் தேங்காயும் போட்டுக் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கோவில் இல்லாத இடத்தைப் பார்த்துக் கும்பிட்டவர்களை நினைத்தால், உங்கள் சுவரோடு கதைக்கும் ஜெபமும் எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை. அப்பா சுகமாக வேண்டும், நானும் கும்பிடுகிறேன்.

---

ஓய்வுபெற்ற_ரீச்சர்
வியாழன், காலை 8.00

நீங்கள் எழுதலாம் தம்பி, தாராளமாக.

---

வளாக_மாணவி
வியாழன், மாலை 4.40

டச்பே அக்காவிடம் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை, மன்னிக்கவும். கேள்வியை வைத்திரு என்றீர்கள். சரி. ஆனால் சில கேள்விகளைத் தோண்டிப் பார்க்கத்தான் வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்பு சியோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தபோது எனக்கு 15 வயது. சியோனில் இறந்தவர்களில் பலர் பிள்ளைகள். விசுவாசத்தோடு ஆராதனைக்குப் போன பிள்ளைகள். "கேட்காதே, ஜெபி" என்று மட்டும் சொன்னவர்களால் நான் ஏறக்குறைய வெளியே போய்விட்டேன்.

என்னைத் திரும்பக் கொண்டுவந்தது வேதத்தில் இருக்கும் சந்தேகக்காரர்கள்தான். தோமாவை எல்லோரும் திட்டுவதைத்தான் கேட்டிருக்கிறேன். ஆனால் யோவான் 20ஐ மெதுவாக வாசித்தால், சந்தேகப்பட்ட தோமாவை மற்றச் சீஷர்கள் வெளியே அனுப்பவில்லை. எட்டு நாள் கழித்தும் அவன் அதே அறையில் அவர்களோடு இருக்கிறான். உயிர்த்தவரை மலையில் கண்ணால் பார்த்துப் பணிந்தவர்களிலும் "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று மத்தேயு 28:17 மறைக்காமல் எழுதுகிறது. அவர்களையும் சேர்த்துத்தான் இயேசு அனுப்பினார்.

அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல், அவர் இறந்து 10 வருடம் கழித்து வெளிவந்தன. ஏறக்குறைய 50 வருடம் கடவுளின் பிரசன்னத்தை உணராமல்தான் இருந்தார் என்று அவற்றிலிருந்து தெரிந்தது. 50 வருடம்! உணர்வு வரட்டும், பிறகு எழும்புகிறேன் என்று அவர் படுத்திருக்கவில்லை.

மாற்கு 9இல் வருத்தக்காரப் பிள்ளையின் தகப்பன் சொல்வதுதான் என்னுடைய ஜெபம்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பாதி விசுவாசம், பாதி அவிசுவாசம். அந்தப் பிள்ளை சுகமானான். ஜெய_கொடி அண்ணாவுக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன்.

---

டச்பே_அக்கா
வியாழன், இரவு 9.00

உடன்படாததற்கு மன்னிப்பு எதற்குப் பிள்ளை? நீ சொல்வது சரி. கேள்வியை வைத்திரு என்றால் பூட்டி வை என்று நான் நினைக்கவில்லை, ஆனால் அப்படித்தான் எழுதிவிட்டேன்.

---

ஜெய_கொடி
வெள்ளி, காலை 6.20

இரண்டு நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டிருக்கிறேன். நிலாவெளி அண்ணா, என்னை மன்னித்துவிடுங்கள். என் அம்மா புற்றுநோயில் போனபோது எனக்கும் ஒருவர் அதே வரியைத்தான் சொன்னார். அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்பதை மறந்து, அதையே உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

யாக்கோபுவின் வசனத்தை நான் கைவிடவில்லை. ஆனால் அலைமேல் நடந்த பேதுரு அமிழ்ந்துபோகும்போது "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்றுதான் கூப்பிட்டான். நீந்திக் கரைக்கு வா என்று இயேசு சொல்லவில்லை. உடனே கையை நீட்டிப் பிடித்தார், ஏன் சந்தேகப்பட்டாய் என்று கேட்டது அதற்குப் பிறகுதான். நான் கேள்வியை முதலில் கேட்டுவிட்டேன்.

நான் ஆட்டோ ஓடுகிறேன். அப்பாவின் டயலிசிஸ் நாட்களில் காலையில் கொண்டுபோய் விடலாம். எண்ணெய்க் காசு மட்டும் முடிந்தால் தாருங்கள், முடியாவிட்டால் அதுவும் வேண்டாம். தனிமடல் அனுப்பியிருக்கிறேன்.

---

கொட்பே_வள்ளம்
வெள்ளி, மாலை 6.00

நாளைக்குச் சனி. தம்பி, காலை 6 மணிக்கு நான் கடலில் இருப்பேன். அந்த நேரம் வலை இழுக்கும்போது உன்னை நினைத்துச் செபம் சொல்லுவேன். ரீச்சரும் சொல்லுங்கோ.

---

ஓய்வுபெற்ற_ரீச்சர்
வெள்ளி, மாலை 6.15

சொல்லுவேன். 5.45க்கே எழும்பிவிடுவேன்.

---

நிலாவெளி_வீதி
அடுத்த வெள்ளி, இரவு 10.30

ஒரு வாரம் எழுதாததற்கு மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

போன வெள்ளி இரவு மகள் தூங்கிய பிறகு மனைவியிடம் சொன்னேன். சப்பாத்தையும் சொன்னேன். அவள் கத்தவில்லை, அழவில்லை. நீண்ட நேரம் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இதை நீங்கள் நாலு மாதம் தனியாகவா வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டாள். நான்தான் அழுதேன்.

சனி காலை 5.30க்குப் போய், குசினித் தம்பிமார் இரண்டு பேரோடு தராசைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தேன். ஏன் என்று கேட்டார்கள், வெளிச்சம் காணாது என்றேன். 6 மணிக்கு ஹோர்ன். வயிறு அப்போதும் இறுகியது. ரீச்சர், நான் எடுத்துவைத்த வசனம் அந்த நேரம் ஞாபகம் வரவேயில்லை. "விழவிடாதேயும்" என்ற ஒற்றைச் சொல்தான் வந்தது, அதுவும் கத்தோலிக்கருடைய சொல். 31 கிலோ என்று சத்தமாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் 31க்குப் பில் எழுதினார்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போய் மூன்று தடவை நடந்ததைச் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்துத்தான் போனேன். வேதத்தில் வரும் வரிக்காரன் சகேயு அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான், எனக்கு அது முடியாது, 14,400ஐச் சம்பளத்தில் மூன்று மாதத்தில் கழியுங்கள் என்றேன். அவர் நிறைய நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கழிப்பதாகவும், இனி பில்லில் குசினித் தலைவரின் கையெழுத்தும் வேண்டும் என்றும் சொன்னார். வேலை இருக்கிறது. ஆனால் முன்பு போல என்னோடு கதைப்பதில்லை. அது எனக்கு வலிக்கிறது, நியாயம் என்றும் தெரிகிறது.

அப்பாவில் மாற்றம் இல்லை. ஜெபம் இன்னும் பல நாள் சுவரோடு கதைப்பது போலத்தான். ஞாயிறு ஆராதனையில் பாட்டு வரவில்லை, அக்கா சொன்னபடி மற்றவர்கள் பாடும்போது நடுவில் நின்றேன். மனைவி பக்கத்தில் நின்று பாடினாள்.

நேற்று வியாழன் டயலிசிஸ். காலை 5.15க்கு ஜெய_கொடி தம்பி ஆட்டோவோடு வந்துவிட்டார். வழியில் ஜெபிப்பாரோ, பிரசங்கம் செய்வாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம். அவர் உப்புவெளி தாண்டும்வரை அப்பாவிடம் அந்தக் காலத்துக் கரைவலை பற்றித்தான் கேட்டுக்கொண்டு வந்தார். அப்பா பல மாதத்துக்குப் பிறகு அவ்வளவு கதைத்தார்.

---

கொட்பே_வள்ளம்
அடுத்த சனி, அதிகாலை 3.05

வாசித்தேன் தம்பி. தராசு இப்போது எங்கே?

---

நிலாவெளி_வீதி
அடுத்த சனி, காலை 6.50

வாசலில்தான் அண்ணா. இன்றைக்கு அறக்குளா 22 கிலோ, இறால் 9. இரண்டு கையெழுத்து.